ஐபிஎஸ்னு சொன்னது எல்லாம் பூச்சிதானா?

கேள்வி (04.02.2024)

நாலு வருஷமா வயிறு சரியில்ல. ஒரு வாரம் லூஸ் மோஷன், அடுத்த வாரம் போகவே போகாது, சாப்பிட்டு எழுந்தா வயிறு மேளம் மாதிரி உப்பிக்கும். எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி ரெண்டும் நார்மல், ஐபிஎஸ் (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், எரிச்சல் குடல்) னு சொல்லி அனுப்பிட்டாங்க. போன வாரம் நானே போய் பிசிஆர் ஸ்டூல் டெஸ்ட் (கிருமியோட டிஎன்ஏவத் தேடறது) எடுத்தேன், பிளாஸ்டோசிஸ்டிஸ்னு குடல்ல வாழற ஒரு நுண்ணுயிர் பாசிட்டிவ். ஐபிஎஸ்னு ஒரு நோயே கிடையாது, கண்டுபிடிக்கத் தெரியாத பூச்சிக்கு டாக்டருங்க வெச்ச பேருன்னு ஒருத்தர் அடிச்சு சொல்றார். எனக்கும் இப்ப அப்படித்தான் தோணுது. இந்தப் பூச்சியக் கொன்னுட்டா சரியாயிடுமா?

04.02.2024, மதியம்

அவசரப்படாதீங்க. அவர் சொன்னதுல பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்பு பாதிக்கு நான் வட்டியும் முதலுமா கட்டியிருக்கேன், அதனாலதான் எழுதறேன். டாக்டர் இல்ல, எட்டு வருஷ நோயாளி, அவ்வளவுதான் தகுதி.

என் கதை சுருக்கமா. 2015ல நாலு பேர் மலை ஏறப் போனோம், ஓடைத் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு, நாலு பேருமே கையில அள்ளிக் குடிச்சோம். பத்து நாள் கழிச்சு எனக்கு மட்டும் ஆரம்பிச்சது. ஏப்பம் விட்டா அழுகின முட்டை நாத்தம், பக்கத்துல உக்காந்தவங்க எழுந்து போற அளவுக்கு. மோஷன் எண்ணெய்ப் பசையா மிதக்கும், எத்தனை தடவ தண்ணி ஊத்தினாலும் போகாது. ஒரே ஒரு தடவ ஸ்டூல் குடுத்தேன், மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டு ஒன்னும் இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சு, ஐபிஎஸ்னு சொல்லிட்டாங்க, நானும் நம்பிட்டேன். பதினாலு மாசம் கழிச்சு வேற ஒரு டாக்டர் "ஜியார்டியா ஆன்டிஜென் பாத்தாங்களா?"ன்னு கேட்டார். பாக்கல. ஜியார்டியான்னா அசுத்தத் தண்ணி வழியா வர்ற குடல் ஒட்டுண்ணி, ஆன்டிஜென்னா அதோட புரதத்த ஸ்டூல்ல தேடற டெஸ்ட். எடுத்துப் பாத்தா பாசிட்டிவ்.

அதனால ஐபிஎஸ்னு முத்திரை குத்தின சில பேர் வயித்துல நெசமாவே பூச்சி இருக்கு, அது உண்மை. ஆனா உங்களுக்கு வந்திருக்கிறது ஜியார்டியா இல்ல, பிளாஸ்டோசிஸ்டிஸ். ஜியார்டியா பாசிட்டிவ்னா திருடன வீட்டுக்குள்ளயே கையும் களவுமா பிடிச்ச மாதிரி. பிளாஸ்டோசிஸ்டிஸ் பாசிட்டிவ்னா தெருவுல சும்மா நின்னுட்டிருந்தவனப் பிடிச்சிட்டு வந்த மாதிரி. உலகத்துல நூறு கோடிப் பேருக்கு மேல அது குடலோட இருக்கும்னு ஒரு கணக்கு, அதுல பெரும்பாலானவங்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. அது ஒன்னும் பண்ணாது, விட்டுடுங்க.

04.02.2024, ராத்திரி

மேல கடைசி வரி கொஞ்சம் ஓவரா போயிடுச்சு. "ஒன்னும் பண்ணாது"ன்னு அடிச்சு சொல்ல முடியாது.

1912லயே பேர் வெச்சாச்சு, நூறு வருஷம் தாண்டியும் இது நோய்க்கிருமியா, குடியிருக்கற வாடகைக்காரனான்னு சண்டை ஓயல. ஒரு காரணம், பிளாஸ்டோசிஸ்டிஸ்னு ஒரே பேர்ல கூப்பிட்டாலும் உள்ள பல வகை இருக்கு. மனுஷங்க கிட்ட கிடைக்கறது பெரும்பாலும் 1லிருந்து 4 வரைக்கும் நம்பர் போட்ட வகைங்க. சில ஆய்வுல ஐபிஎஸ் உள்ளவங்ககிட்ட இது அதிகமா இருக்கு, சில ஆய்வுல வித்தியாசமே இல்ல. இன்னொரு பக்கம், இது இருக்கறவங்க குடல்ல பாக்டீரியா வகைகள் அதிகமா, செழிப்பா இருக்குன்னும் திரும்பத் திரும்ப வந்திருக்கு. நல்லா இருக்கற குளத்துலதான் தவளை இருக்கும்னு வெச்சுக்கங்க. தவளை குளத்த நல்லாக்குச்சா, குளம் நல்லா இருக்கறதால தவளை வந்துச்சான்னு கேட்டா யாருக்கும் பதில் இல்ல.

வேற எல்லாம் தேடிப் பாத்து ஒன்னும் இல்லன்னா, தொந்தரவும் விடாம இருந்தா, சில டாக்டருங்க ஒரு தடவ மருந்து குடுத்துப் பாப்பாங்க. அது தப்பில்ல. அத முதல் வேலையா பண்றதுதான் தப்பு.

06.02.2024

"ஐபிஎஸ்னு ஒன்னே கிடையாது"ங்கற பேச்சுக்கு வரேன்.

ஐபிஎஸ்ங்கறது காரணத்த வெச்சு வந்த பேர் இல்ல. ரோம் அளவுகோல்னு ஒன்னு இருக்கு, நாலாவது பதிப்பு 2016ல வந்துச்சு. அதுப்படி கடைசி மூணு மாசமா சராசரியா வாரத்துல ஒரு நாளாவது வயித்து வலி இருக்கணும், அந்த வலியோட இந்த மூணுல குறைஞ்சது ரெண்டு சேரணும்: மோஷன் போறதோட சம்பந்தம், போற தடவை மாறறது, போற பதம் மாறறது. ஆரம்பிச்சு ஆறு மாசமாவது ஆகியிருக்கணும். அவ்வளவுதான். காய்ச்சல்னு சொல்ற மாதிரி. காய்ச்சல்னா உடம்பு சுடுதுன்னு அர்த்தம், ஏன் சுடுதுன்னு அந்த வார்த்தைக்குள்ள இல்ல. அதுக்காக காய்ச்சலே பொய்னு யாராவது சொல்வாங்களா?

06.02.2024, ஒரு மணி நேரம் கழிச்சு

கோவத்துல எழுதிட்டேன். அந்தப் பதினாலு மாசம் நானும் இதேதான் கத்திட்டுத் திரிஞ்சேன். டாக்டருங்க எல்லாம் சோம்பேறி, ஐபிஎஸ்னா "எங்களுக்குத் தெரியல"ன்னு அர்த்தம்னு. ஜியார்டியா பாசிட்டிவ் வந்த அன்னைக்கு அந்த ரிப்போர்ட்ட போன்ல படம் பிடிச்சு முதல் டாக்டருக்கு அனுப்பலாம்னு எழுதியும் வெச்சேன். அனுப்பல. நல்லவேளை. ஏன்னு கீழ வருது.

11.02.2024

நார்வேயில பெர்கன் நகரத்துக் கதைய எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 2004ல ஊர்க் குடிதண்ணியில ஜியார்டியா கலந்துடுச்சு. தண்ணியில குளோரின் போட்டிருந்தாங்க, ஆனா ஜியார்டியாவோட சிஸ்ட், அதாவது ஓடு போட்டுத் தூங்கற நிலை, குளோரினுக்கு சுலபத்துல சாகாது, அதப் பிடிக்க நல்ல வடிகட்டி வேணும். லேப்ல உறுதியானவங்களே 1200க்கு மேல. அவங்கள விடாம வருஷக்கணக்கா பின்தொடர்ந்து கேள்வித்தாள் அனுப்பினாங்க. மூணு வருஷம் கழிச்சு 46 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ். பத்து வருஷம் கழிச்சும் 43 சதவீதம்.

இதப் படிச்சப்பதான் என் வயித்துக்கு ஒரு சொந்தக்காரங்க கூட்டம் கிடைச்ச மாதிரி இருந்துச்சு.

12.02.2024

ஒருத்தர் தனியா கேட்டார், ஜியார்டியா வராத ஊர்க்காரங்களுக்கும் ஐபிஎஸ் இருக்கும்ல, அது எவ்வளவுன்னு. சரியான கேள்வி, நேத்து விட்டுட்டேன். ஜியார்டியா வராதவங்கள்ல மூணாவது வருஷமும் பத்தாவது வருஷமும் 14 சதவீதம். அப்ப நிகரக் கணக்கு 46 இல்ல, 46க்கும் 14க்கும் உள்ள இடைவெளி. அப்பவும் சின்ன இடைவெளி இல்ல. அதே ஆளுங்கள்ல பல பேருக்கு விடாத களைப்பும் இருந்துச்சு, மூணாவது வருஷம் அதுவும் 46 சதவீதம், மத்தவங்கள்ல 12. எனக்கும் அந்தக் களைப்பு இருந்துச்சு, சோம்பேறின்னு வீட்ல பேர் வாங்கினேன்.

பெர்கன் கதைய "பாத்தீங்களா, பூச்சிதான் ஐபிஎஸ்"னு எடுத்துக்கிட்டு கொண்டாடறவங்க அடுத்த வரியப் படிக்கறதில்ல. அந்த 43 சதவீதம் பேர் வயித்துல பத்து வருஷமா ஜியார்டியா குடியிருக்கல. மருந்து சாப்பிட்டாங்க, அது போயிடுச்சு. போன பிறகும் வயிறு பழையபடி ஆகல.

12.02.2024, மறுபடியும்

என் கதையிலயும் அதேதான். ஜியார்டியாவக் கொல்ற டினிடசோல் மாத்திரை 2 கிராம், ஒரே வேளை. அஞ்சாவது நாள் அந்த முட்டை நாத்த ஏப்பம் நின்னுச்சு, ரெண்டாவது வாரம் மோஷன் மிதக்கறது நின்னுச்சு, எடை ஏற ஆரம்பிச்சது. ஆனா காலைல எழுந்ததும் அடிவயிறு முறுக்கிப் பிடிக்கறது, சாப்பிட்டு கை கழுவறதுக்குள்ள பாத்ரூமுக்கு ஓடறது, பஸ்ஸுல ஏறும்போதே அடுத்த பாத்ரூம் எங்கன்னு கணக்குப் போடறது, இது எதுவும் போகல. மறுபடி டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். இன்னொரு லேப், நெகட்டிவ். நம்பல. டாக்டர நச்சரிச்சு இன்னொரு கோர்ஸ் வாங்கினேன். அப்புறம் மூணாவது கோர்ஸ்.

அப்ப அந்த முதல் டாக்டர் சொன்ன ஐபிஎஸ் தப்பா சரியா? பூச்சிய விட்டது தப்பு. ஐபிஎஸ்னு சொன்னது... இன்னைக்கு என் ஃபைல்ல அதேதான் எழுதியிருக்கு. அந்தப் படத்த அனுப்பாதது எவ்வளவு நல்லது பாருங்க.

15.02.2024

சின்னதா ஒரு இடைவேளை. ஜியார்டியாவ முதல்ல பாத்த ஆள் யார் தெரியுமா? டச்சுக்காரர் லீவன்ஹுக், 1681ல, தன்னோட சொந்த லூஸ் மோஷன எடுத்து தானே செஞ்ச லென்ஸ்ல வெச்சுப் பாத்தார். சாம்பிள் குடுக்க வெக்கப்படறவங்க இவர நினைச்சுக்கங்க.

18.02.2024

வெக்கம்னதும் ஞாபகம் வந்துச்சு. மூணு நாள் மூணு சாம்பிள் குடுக்கணும்னு சொன்னப்ப எடுத்துட்டுப் போன கதை. டப்பாவ ஒரு கவர்ல போட்டு, அந்தக் கவர இன்னொரு கவர்ல போட்டு, அத சாப்பாட்டுப் பையில வெச்சு லிஃப்ட்ல இறங்கறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏறினார், பையப் பாத்துட்டு "என்ன சார், இன்னைக்கு ஸ்பெஷலா?"ன்னு சிரிச்சார். ஆமான்னு தலையாட்டினேன். அந்தப் பைய அப்புறம் நான் தொடவே இல்ல.

ஆனா விஷயம் இதுல இருக்கு. ஜியார்டியா தினமும் ஒரே அளவுல வெளிய வராது, சில நாள் கொட்டும், சில நாள் ஒன்னுமே இருக்காது. ஒரு நாள் சாம்பிள்ல இல்லன்னா இல்லன்னு அர்த்தம் கிடையாது. வேற வேற நாள்ல மூணு சாம்பிள், இல்லன்னா ஆன்டிஜென், இல்லன்னா பிசிஆர். மைக்ரோஸ்கோப்னா இன்னொரு சிக்கலும் இருக்கு. தண்ணியா போன மோஷன்ல இருக்கற நகர்ற நிலைப் பூச்சிங்க வெளிய வந்து கொஞ்ச நேரத்துல செத்து உருமாறிடும், அரை மணி நேரத்துக்குள்ள பாக்கணும், இல்லன்னா அதுக்குன்னு இருக்கற திரவத்துல போட்டுக் குடுக்கணும். நான் குடுத்த முதல் சாம்பிள் காலைல ஏழு மணிக்கு டப்பாவுல போச்சு, கவுன்டர்லயே மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு, நான் அங்கதான் உக்காந்து பாத்துட்டிருந்தேன்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தா டெஸ்டுக்கு முன்னாடி எத்தனை நாள் இடைவெளி விடணும்னு லேப்லயே கேட்டுக்கங்க.

25.02.2024

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கார், மெட்ரோனிடசோல்ங்கற ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சுட்டாராம், நாலாவது நாளே உப்புசம் பாதியாயிடுச்சாம், "அப்ப பிளாஸ்டோதான்னு நிரூபணம் ஆயிடுச்சுல்ல?"

ஆகல. உங்களுக்கு நல்லா இருக்குன்னா எனக்கும் சந்தோஷம்தான், ஆனா நிரூபணம் ஆகல. மெட்ரோனிடசோல் பிளாஸ்டோவ மட்டும் தேடிப் போய் அடிக்கற அம்பு இல்ல. காத்தில்லாம வாழற பாக்டீரியாக்கள மொத்தமா அடிக்கும், குடல்ல கேஸ் உண்டாக்கறது பெரும்பாலும் அதுங்கதான். பூச்சிக்கே சம்பந்தமில்லாத ரிஃபாக்ஸிமின்ங்கற ஆன்டிபயாடிக் கூட ஐபிஎஸ் உப்புசத்துக்கு வேலை செய்யுதுன்னு 2011ல பெரிய சோதனை வந்துச்சு. மாத்திரை சாப்பிட்டவங்கள்ல சுமார் 41 சதவீதம் பேருக்கு நிம்மதி, டம்மி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 32. அந்த 32ஐயும் கவனிங்க. வெறும் மாவு.

இன்னும் வேடிக்கை, 2010ல ஒரு சோதனை, 80 பேர். "இது டம்மி மாத்திரை, உள்ள மருந்தே இல்ல"ன்னு முகத்துக்கு நேரா சொல்லியே குடுத்தாங்க. 59 சதவீதம் பேர் போதுமான நிம்மதின்னு சொன்னாங்க, மாத்திரை எதுவும் குடுக்காதவங்கள்ல 35. ஐபிஎஸ்ல நாலு நாள் நிம்மதிய வெச்சு எந்த முடிவும் பண்ணக்கூடாதுங்கறதுக்கு இதவிட என்ன வேணும்.

26.02.2024

நேத்து எழுதினது மனசுல இருக்கற வியாதின்னு சொன்ன மாதிரி சிலருக்குப் பட்டிருக்கு. அந்த அர்த்தத்துல சொல்லல. எனக்கே அந்த வார்த்தைய சொன்னா கெட்ட கோவம் வரும். வலி நிஜம், மாத்திரை சாப்பிட்டு வந்த நிம்மதியும் நிஜம், அந்த நிம்மதிய வெச்சு யார் குத்தவாளின்னு சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

10.03.2024

டையன்டமீபா ஃபிரஜிலிஸ்ங்கற இன்னொரு குடல் ஒட்டுண்ணி பத்தி ஒரு அம்மா கேட்டாங்க, பையனுக்கு பாசிட்டிவாம், ஆறு வயசு. பேர்லயே ஃபிரஜிலிஸ்னு இருக்கு, உடையறதுன்னு அர்த்தம், வெளிய வந்த கொஞ்ச நேரத்துல கரைஞ்சு போயிடும், அதனால ரொம்ப காலம் யார் கண்ணுலயும் சரியா படல. இப்ப பிசிஆர் வந்த பிறகு எங்க பாத்தாலும் பாசிட்டிவ். கீரிப்பூச்சி முட்டைக்குள்ள இதோட டிஎன்ஏ கிடைச்சிருக்கு, அதனால அந்த முட்டைல லிஃப்ட் கேட்டு ஏறித்தான் ஊர் சுத்துதுன்னு ஒரு சந்தேகம்.

டென்மார்க்ல இது பாசிட்டிவா இருந்து வயித்துத் தொந்தரவும் இருந்த 96 குழந்தைங்கள வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க, 2014ல வெளிவந்துச்சு. பாதிப் பேருக்கு மெட்ரோனிடசோல், பாதிப் பேருக்கு டம்மி. மருந்து சாப்பிட்ட நிறைய குழந்தைங்களுக்கு பூச்சி போச்சு, கொஞ்ச வாரத்துல பல பேருக்கு திரும்பவும் வந்துச்சு. வயித்துத் தொந்தரவு ரெண்டு கூட்டத்துலயும் ஒரே மாதிரிதான் குறைஞ்சுது. அதனால அம்மா, பையனுக்கு ராத்திரி ஆசனவாய்ல அரிப்பு இருக்கான்னு பாருங்க, காலைல கழுவறதுக்கு முன்னாடி செலோடேப் ஒட்டி எடுத்து கீரிப்பூச்சி முட்டை இருக்கான்னு பாக்கலாம். அது இருந்தா வைத்தியம் சுலபம், ஆனா ரெண்டு வாரத்துல ரெண்டாவது டோஸ் முக்கியம், முதல் டோஸ் முட்டைய ஒன்னும் பண்ணாது. மலச்சிக்கல் இருக்கான்னும் பாருங்க, குழந்தைங்க வயித்து வலில பாதி அதுதான்.

11.03.2024

"பாதி அதுதான்"னு எழுதினது என் வாய்க்கணக்கு, ஆய்வுக்கணக்கு இல்ல. நிறைய தடவ அதுதான்னு படிச்சுக்கங்க.

30.03.2024

"எனக்கு அமீபா இருக்கு"ன்னு பத்து வருஷமா சொல்லிட்டிருக்கறவங்களுக்கு. எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா குடல அரிக்கும், ரத்தமா போகும், கல்லீரல்ல சீழ் கட்டும். எண்டமீபா டிஸ்பார் ஒன்னும் பண்ணாது. மைக்ரோஸ்கோப்ல ரெண்டோட சிஸ்டும் அச்சு அசல் ஒன்னு, இது வேற அது வேறன்னு முறையா பிரிச்சதே 1993லதான். வெறும் மைக்ரோஸ்கோப் பாத்து அமீபான்னு எழுதின ரிப்போர்ட் எந்த அமீபான்னு சொல்லல. அதுக்கு ஆன்டிஜென் இல்லன்னா பிசிஆர் வேணும். வருஷாவருஷம் அமீபா கோர்ஸ் போடறவங்கள்ல எத்தனை பேருக்கு உண்மையில ஐபிஎஸ்னு நினைச்சா தலை சுத்துது.

14.04.2024

ஒருத்தர் போட்டோ அனுப்பினார். (ஏன் எனக்கு அனுப்பறீங்க.) எனிமா எடுத்தப்ப நீளமா கயிறு மாதிரி வந்துச்சாம், "கயிற்றுப் புழு"ன்னு வீடியோல பாத்தாராம். அப்படி ஒரு புழு கிடையாது. அது சளி. குடலோட உள்பக்கம் எப்பவும் சளி சுரக்கும், எரிச்சலூட்டற எதையாவது ஏத்தினா மொத்தமா உரிஞ்சு கயிறா வரும். ப்ளீச் கலந்ததெல்லாம் ஏத்தறாங்க, அது குடல வேக வெக்கற வேலை, புழு வைத்தியம் இல்ல.

பூச்சி மாத்திரை பத்தியும் இங்கயே சொல்லிடறேன். ஒரு வேளை அல்பெண்டசோல் உருளைப்புழு, கொக்கிப்புழு மாதிரி புழுக்களுக்கு. பிளாஸ்டோவுக்கும் டையன்டமீபாவுக்கும் அது வேலைக்கு ஆகாது. ஜியார்டியாவுக்கு வேலை செய்யும், ஆனா ஒரு வேளைல இல்ல, அஞ்சு நாளாவது தொடர்ந்து போடணும். "பூச்சி மாத்திரை போட்டேனே, அப்புறமும் ஏன்?"னு கேக்கறவங்க எந்தப் பூச்சின்னே பாக்காம போட்டிருப்பாங்க.

ஒன்னே ஒன்னு சீரியஸா. ஸ்டிராங்கிலாய்ட்ஸ்னு ஒரு புழு, உடம்புக்குள்ளயே சுத்திச் சுத்திப் பெருகி பல வருஷம் சத்தமில்லாம இருக்கும். ரத்தத்துல ஈயோசினோஃபில்ங்கற வெள்ளணு காரணமில்லாம ஏறியிருக்கு, இப்ப ஸ்டீராய்ட் ஆரம்பிக்கப் போறாங்கன்னா, முன்னாடியே இதப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. ஸ்டீராய்ட்ல அது கட்டுக்கடங்காமப் போனா உயிருக்கே ஆபத்து.

02.06.2024

ரொம்ப நாளா எழுதல. வயிறு ஒழுங்கா இருந்துச்சு, அதான். வயிறு நல்லா இருக்கறப்ப இதப் பத்தி யோசிக்கவே பிடிக்கல.

பூச்சி போன பிறகும் ஏன் போகலன்னு கேட்டிருந்தாங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும்: தொத்து நடக்கறப்ப குடல் சுவர் வீங்கி, அங்க இருக்கற மாஸ்ட் செல்லுங்களும் (நோய் எதிர்ப்பு செல் வகை) செரோடோனின்ங்கற ரசாயனத்த சுரக்கற செல்லுங்களும் உசுப்பேறிடுது. உடம்போட செரோடோனின்ல சுமார் 90 சதவீதம் குடல்லதான் இருக்கு, மூளைல இல்ல. நரம்புங்க சின்ன அசைவுக்கும் கூசிப் பழகிடுது. முன்னாடி தெரியாம நகர்ந்த காத்து இப்ப கத்தியா குத்துது. எண்டோஸ்கோப்பி கேமராவுக்கு இது எதுவும் தெரியாது, சுவர் சிவப்பா வழவழன்னு அழகாத்தான் இருக்கும். ஜியார்டியா கூட பால் செரிக்கற நொதியையும் கொஞ்ச நாளைக்குத் தட்டிட்டுப் போயிடும். நான் பால நிறுத்தினப்பதான் கேஸ் பாதி குறைஞ்சுது, அதுக்கு முன்னாடி மூணு கோர்ஸ் மாத்திரை போட்டேன், ஒருத்தர் கூட பாலக் கேக்கல. நானும் சொல்லல.

அப்புறம் படுக்கற நேரத்துல அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். அது மனச்சோர்வு மருந்துன்னு பேர் பாத்துட்டு ஒரு வருஷம் பீரோவுலயே வெச்சிருந்தேன், அவமானமா இருந்துச்சு. இந்தக் குறைஞ்ச அளவுல அது குடல் நரம்புக்குத்தான். 2023ல பிரிட்டன்ல 463 ஐபிஎஸ் நோயாளிங்கள வெச்சுப் பாத்த சோதனைல டம்மியவிட நல்லாவே வேலை செஞ்சுது. வாய் வரளும். அத நான் ஒத்துக்கிட்டேன்.

03.06.2024

நேத்து எழுதிட்டுத் தூங்கல. உண்மைய சொல்லிடறேன். எனக்குப் பூச்சியா இருக்கணும்னு ஆசை இருந்துச்சு. ரெண்டாவது கோர்ஸ், மூணாவது கோர்ஸ் கேட்டு வாங்கினதுக்கு அதுதான் காரணம். பூச்சின்னா அது நான் இல்ல, வெளியாளு, அடிச்சா சாகும், ஒரு தேதில முடிஞ்சுடும். "உங்க குடல் இப்ப இப்படித்தான் வேலை செய்யுது"ன்னா அதுல எதிரியே இல்ல. நெகட்டிவ் ரிப்போர்ட் வந்தா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க, நான் ரெண்டு தடவ லேப் வாசல்லயே உக்காந்து அழுதிருக்கேன்.

மூணாவது கோர்ஸ் முடிஞ்சு நாக்குல ரெண்டு வாரம் துருப்பிடிச்ச ஆணிய சப்பற ருசி, வயிறு முன்னவிட மோசம். அதுக்கப்புறம் எடுத்த பிசிஆர்ல ஜியார்டியா இல்ல, புதுசா பிளாஸ்டோ பாசிட்டிவ். அந்த வருஷம்தான் கோர்ஸ நிறுத்தினேன்.

21.07.2024

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கார். ரீடெஸ்ட்ல பிளாஸ்டோ நெகட்டிவ். உப்புசம் மூணு வாரம் நல்லா இருந்துச்சாம், இப்ப பழையபடி. "பூச்சியும் போச்சு, வலியும் இருக்கு, இப்ப என்ன பண்ண?" கோவமா எழுதியிருக்கார், புரியுது.

கூடவே எழுதின ரெண்டு விஷயம் எனக்குப் பிடிக்கல. ஆறு மாசத்துல அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு, ஹீமோகுளோபின் குறைவு. இத பிப்ரவரியிலயே நான் கேட்டிருக்கணும், கேக்காம பெர்கன் கதை சொல்லிட்டிருந்தேன். எடை குறையறது, ரத்தசோகை, மோஷன்ல ரத்தம், ராத்திரி தூக்கத்துலருந்து எழுப்பற வலியோ பேதியோ, காய்ச்சல், இதுல ஒன்னு இருந்தாலும் அத ஐபிஎஸ் கணக்குலயும் எழுதக்கூடாது, பிளாஸ்டோ கணக்குலயும் எழுதக்கூடாது.

எண்டோஸ்கோப்பில சிறுகுடல்லருந்து பயாப்ஸி எடுத்தாங்களான்னு ரிப்போர்ட்டப் பாருங்கன்னு சொன்னேன். எடுக்கல. சீலியாக், அதாவது கோதுமைல இருக்கற குளுட்டனுக்கு உடம்பே குடல அடிக்கற நோய், அதுல கேமராவுக்கு எல்லாம் நார்மலா தெரியறது உண்டு. அதுக்கு முதல்ல ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, கூடவே ஸ்டூல்ல கால்ப்ரொடெக்டின் பாத்தா குடல் வீக்கம் இருக்கான்னு தெரியும். ரெண்டையும் டாக்டர்கிட்ட கேட்டு எடுக்கச் சொல்லியிருக்கேன்.

22.07.2024

அவசரமா ஒன்னு. கோதுமைன்னு நான் எழுதினதும் நேத்து ராத்திரியே நிறுத்திட்டேன்னு எழுதியிருக்கீங்க. வேணாம். ரத்தம் குடுக்கற வரைக்கும், பயாப்ஸி தேவைப்பட்டா அது முடியற வரைக்கும், வழக்கம்போல சாப்பிடுங்க. நிறுத்திட்டு டெஸ்ட் எடுத்தா இருந்தாலும் இல்லன்னு வந்துடலாம், அப்புறம் மறுபடி மாசக்கணக்கா தேடணும்.